அடுத்த தெருவில் நிறுத்த மாட்டேன்

நைனா,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு இரண்டு வரியை வீணாக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது, உனக்குக் கல்யாணக் களையும் வந்துவிட்டது, கூடவே கொஞ்சம் பயமும் வந்துவிட்டது. நீ சொன்னதற்கெல்லாம் "சரி, பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா சண்டை போடாமல் ஒத்துக்கொண்டாள் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். அங்கேதான் ஏமாந்தாய். எனக்குக் கோபம் உடனே வாய்க்கு வராது, கொஞ்சம் ஊற வேண்டும். மூன்று நாள் ஊறிவிட்டது. நான் ஒன்பதாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், விஷயத்தில் பிழை இருக்காது. இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் மீன் வியாபாரத்துக்கு நம் வண்டியில் வரும் பெண்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன். நீ போனில் சொன்னது எனக்கு மட்டும் சொன்னதில்லை, அவர்களுக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

நீ என்ன சொன்னாய் என்பதை உன் வார்த்தையிலேயே எழுதுகிறேன், பிறகு மாற்றிப் பேசக் கூடாது பார். "எம்மா, ரிசப்ஷனுக்கு அந்த வண்டில வராதம்மா. நான் ஏசி கார் அனுப்பறேன். அதுலதான் வருவேன்னு அடம் புடிச்சா, அட்த்த தெருவுல நிறுத்திட்டு ஆட்டோல வந்து எறங்கு. கல்யாணம் முடிஞ்சதும் அத வித்துடு. ஒனக்கு எதுக்கும்மா அவ்ளோ பெரிய வண்டி?" இதுதானே சொன்னாய்? பெங்களூரில் வேலை பார்க்கும் ஐந்து வருடத்தில் உன் பேச்சு எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் என்னிடம் மட்டும் இன்னும் நம் எண்ணூர் நெட்டுக்குப்பத்துப் பையனாகத்தான் பேசுகிறாய், அதில் எனக்குச் சந்தோஷம்தான். சொன்ன விஷயத்தில்தான் சந்தோஷம் இல்லை.

இது எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். நிச்சயதார்த்தத்தன்று அடையாறில் பெண் வீடு இருக்கிற, மரம் சூழ்ந்த அந்தச் சின்ன சந்துக்குள் நம் வண்டியை நான் நுழைத்தபோது ஒரு பக்கம் மதில் சுவர், இன்னொரு பக்கம் வேப்ப மரம். இரண்டு விரல் இடைவெளியில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒன்பது பேர் உட்கார வேண்டிய வண்டியிலிருந்து பன்னிரண்டு பெண்கள் இறங்கினோம். கூடவே மீன் வாசமும் இறங்கியது. இரண்டு நாள் சோப்புப் போட்டுக் கழுவி, ஊதுவத்தி வைத்து, மல்லிகைப்பூ கட்டித் தொங்கவிட்டும் அது போகவில்லை, என்ன செய்வது. உன் மாமனாராகப் போகிறவர் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், காய் வாங்கக் கூட சைக்கிளில் போகிறவர், மரியாதை தெரிந்த மனிதர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "சம்பந்தியம்மா, இவ்வளவு பெரிய வண்டி எதுக்குங்க? எவ்வளவு டீசல் குடிக்கும், எவ்வளவு புகை விடும்! சின்னதா ஒண்ணு போதாதா?" நானும் சிரித்துவிட்டுக் காபியைக் குடித்தேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவர் கேட்டது எனக்கு வலிக்கவில்லை. நீ தரையைப் பார்த்ததுதான் வலித்தது.

அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. புகையைப் பற்றி எண்ணூர்க்காரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். கொடியில் வெள்ளைப் புடவை காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் எடுத்து மடிக்கிற ஊர் நம்முடையது, அவர் வீட்டு ஃபேன் சுற்றுவதற்கும் இங்கே அனல்மின் நிலையத்தில் ஒரு புகைபோக்கி ஊதத்தான் வேண்டும். ஆனால் அதற்காக என் வண்டியும் தன் பங்குக்கு ஊதலாம் என்று ஆகிவிடாது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்ற கேள்வியை நானே நிறைய பேரிடம் கேட்டிருக்கிறேன். ராயபுரத்தில் கன்டெய்னர் கிளியரிங் பார்க்கும் ஒருவர் "குடும்பத்துக்கு சேஃப்டிக்கா" என்றார். மனை விற்கிறவர் ஒருவர் "சைட்டு பாக்கப் போறப்ப மேடு பள்ளம் இருக்குமே" என்றார், அவர் வண்டி டயரில் ஒரு நாளும் நான் சேறு பார்த்ததில்லை. வட்டச் செயலாளர் பதிலுக்கு, நின்ற வண்டியில் ஹாரனை ஒரு தடவை அடித்துக் காட்டினார். ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள், ஆனால் முதல் காரணத்தை யாரும் சொல்வதில்லை. நானும் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் கூட.

ஊரில் கேட்டவர்களுக்கு நான் சொன்ன காரணம் பஸ். அது பொய்யில்லை. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றால், தூரத்தில் எங்களைப் பார்த்ததுமே டிரைவர் வேகத்தைக் கூட்டுவார். தப்பித் தவறி நின்றுவிட்டால் கண்டக்டர் படியிலேயே மறித்துக்கொண்டு, "ஏய், கூடைய எறக்கு, கலீஜா கீது, பாசெஞ்சரு ஏற வாணாமா?" என்பார். நாங்கள் என்னவோ பாசெஞ்சர் இல்லாத மாதிரி. ஷேர் ஆட்டோக்காரன் ஏற்றுவான், ஆனால் இரண்டு ஆள் காசு கேட்பான், நாங்கள் இறங்கியதும் எங்கள் கண் முன்னாலேயே சீட்டில் தண்ணி ஊற்றிக் கழுவுவான். இருபது வருடம் இப்படித்தான் போனது. அதற்கு ஒரு குட்டி யானை லோடு வண்டி வாங்கியிருக்கலாமே, மீன் ஏற்ற அது போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். அதில் மீன் பின்னால் போகும், நாங்களும் மீனோடு மீனாகப் பின்னால் குந்திக்கொண்டு போக வேண்டும். நாங்கள் சரக்கு இல்லை நைனா. எனக்கு சீட்டு வேண்டும், ஜன்னல் வேண்டும், கதவைச் சாத்தினால் டப்பென்று சத்தம் கேட்க வேண்டும்.

வாங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும், நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். சுனாமிக்கு அடுத்த வருடம். மாத்தூர்ப் பக்கம் ஒரு யார்டில், தவணை கட்டாதவர்களிடம் பிடித்து வந்த வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே இருந்த ஆம்பளைகள் எல்லாம் என்னையும் என் சும்மாட்டுத் துணியையும் பார்த்து, டீ விற்க வந்தவள் என்று நினைத்தார்கள். ஒருவன் "அக்கா, ரெண்டு டீ" என்றே சொல்லிவிட்டான். எனக்கு வண்டி தெரியாது, ஆனால் ஏலம் தெரியும். எவன் உண்மையாகக் கேட்கிறான், எவன் விலையை ஏற்றிவிட நிற்கிற ஆள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். செவுளைத் தூக்கிப் பார்க்கிற பழக்கத்தில் பானட்டைத் தூக்கிப் பார்த்தேன், மோந்தும் பார்த்தேன். பழைய மீனை ஐஸ் போட்டு மினுக்குகிற மாதிரி பெயிண்ட் அடித்து மினுக்கிய வண்டிகளைத் தள்ளிவிட்டு, அழுக்காக நின்ற இதைப் பிடித்தேன். அந்த யார்டிலேயே பெரியது இதுதான். பின்னால் தொங்குகிற ஸ்டெப்னி உறையில் பனிமலையும் அதில் ஏறுகிற ஒரு சிறுத்தையும் இருந்தன. அதைப் பார்த்து இது எங்கே வேண்டுமானாலும் ஏறும் என்று நானும் நம்பிவிட்டேன்.

அந்த நம்பிக்கையில்தான் முதல் கூத்து நடந்தது. குப்பத்துக்கு வண்டி வந்து சேர்ந்ததும் பெரியவர்கள் கூடிவிட்டார்கள். புதுப் படகு வந்தால் அணியத்தில், அதுதான் அதன் மூக்கில், மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் குத்தி, மூன்று அலை படும்படி கடலுக்குக் காட்டுவோம் இல்லையா? "தண்ணி காட்டாத வண்டி தரிக்காது, ஊட்டாண்ட நிறுத்தறதுக்கு முன்னால ஆத்தாளுக்குக் காட்டு" என்றார்கள். கார் என்ன படகா என்று கேட்க அங்கே ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பானட்டில் மஞ்சள் பூசி, குலவை போட்டு, மணலில் இறக்கி, வண்டியைக் கொண்டுவந்த யார்டு டிரைவரையே முன் சக்கரம் இரண்டும் நனையும் வரை ஓட்டச் சொன்னோம். முதல் அலை வந்தது, கைதட்டினோம். இரண்டாவது அலையில் வண்டி குந்திவிட்டது. சிறுத்தை படம்தான் போட்டிருந்தார்கள், உள்ளே இழுப்பது பின் சக்கரம் மட்டும்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தண்ணி சீட்டு வரைக்கும் ஏறிவிட்டது. கடைசியில் படகு இழுக்கிற கயிற்றைப் பின்னால் கட்டி, நாற்பது பேர் ஏலேலோ போட்டு இழுத்துக் கரையேற்றினார்கள். அடியில் உப்பு ஏறிப் பிடித்த துரு இன்றைக்கும் போகவில்லை. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் காரைக் கொண்டுபோய்க் கடலில் இறக்கியிருக்க மாட்டான். பட்டறையில் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான்.

பிறகு நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். தண்டையார்பேட்டையில் சொல்லிக்கொடுத்தவர், சின்ன கார் ஒன்றில்தான் பழக்கினார். "அக்கா, இதுல பழகிட்டு அப்பால அதுல ஏறினா மாடி மேல குந்திகினு ஓட்ற மாரி இருக்கும், உஷாரா இரு" என்றார். மெய்யாலுமே மாடிதான். முதல் நாள் எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறியபோது ஆட்டோக்காரர்கள் ஒதுங்கினார்கள். திருவொற்றியூரில் டிராஃபிக் போலீஸ்காரர் கையைக் காட்டி என்னை முதலில் விட்டார், உள்ளே இருப்பது யார் என்று பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது. எர்ணாவூர்ப் பக்கம் நெரிசலில் ஒரு பஸ் பக்கத்தில் வந்து நின்றது. ஜன்னலோரம் நின்ற கண்டக்டர் முகமும் என் முகமும் ஒரே உயரத்தில். நான் சும்மா பார்த்தேன். அவர்தான் முதலில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் சொல்ல மாட்டேன் நைனா, அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது. இருபது வருடம் அண்ணாந்து பார்த்த கழுத்து இது. கொஞ்ச நாள் நேராக நிமிர்ந்து உட்கார்ந்ததில் என்ன தப்பு? தப்பு இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் காரணம் உன் அப்பா. அவர் எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும், அன்றைக்கு நடந்ததை நான் முழுசாகச் சொன்னதில்லை. மொபெட்டில் பின்னால் ஐஸ் கட்டியை சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு காசிமேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். நல்ல பகல், வெயில் அடிக்கிறது. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, ஒன்று மட்டும் வரிசையை விட்டு இடது பக்கம் ஒடித்தது. நான் ஓடிப்போனபோது ரோட்டில் ஐஸ் இன்னும் கரையாமல் கிடந்தது. லாரி டிரைவரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். சின்ன வயசு, தென் ஜில்லா பக்கம். ஓடிப்போகவில்லை, குடித்திருக்கவும் இல்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "தெரியலக்கா. சத்தியமா தெரியலக்கா. கண்ணாடியில தெரியவே இல்லக்கா." அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஐந்தே முக்கால் அடி ஆள், கறுப்பாக, வாட்டசாட்டமாக, பாட்டுப் பாடிக்கொண்டு வருகிற ஆள், அவ்வளவு உயரத்தில் இருந்து பார்த்தால் இல்லவே இல்லை. இடித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கூட அவனை மன்னித்திருப்பேன். அந்த 'தெரியல'வை மன்னிக்க முடியவில்லை. இனி நானோ என் ஆட்களோ அந்த ரோட்டில் போனால் எவன் கண்ணிலும் படாமல் போகக் கூடாது என்று அன்றைக்கு நெஞ்சுக்குள் முடிச்சுப் போட்டேன். வண்டி வாங்க எட்டு வருடம் ஆனது. கேட்டவர்களிடம் பஸ் என்று சொன்னேன். காரணம் பஸ் இல்லை.

இதோடு நிறுத்திவிட்டால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். உன் மாமனார் கூட வாயடைத்துப் போவார். ஆனால் பாதியைச் சொல்லி ஜெயிப்பது எனக்கு வேண்டாம்.

கன்னியம்மா கால் விஷயம். ஆஸ்பத்திரியில் அவள் கிடந்தபோது நீ போன் பண்ணினாய், மழையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொன்னேன். பொய். இருபது வருடமாக என் பக்கத்தில் கூடை போட்டு உட்கார்ந்து, என் வாடிக்கையைத் தட்டிப் பறித்து, உன் அப்பா செத்த அன்று என் தலையை மடியில் வைத்துக்கொண்ட கன்னியம்மாவின் கால் மேல் வண்டியை ஏற்றியது நான். அப்போது எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்லை. வண்டி வந்த பிறகு எனக்குத் தலைக்கனம் என்று சொல்லி, மற்றவர்கள் எல்லாம் ஏறினாலும் அவள் மட்டும் ஏறவே இல்லை. திருவொற்றியூர் மார்க்கெட்டில் அன்று காலை நான் வண்டியை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டு, டீ குடிக்கப் போயிருந்தேன். கன்னியம்மா நடந்து வந்து சேர்ந்திருக்கிறாள். வெயில். என்னோடு பேசவில்லையே தவிர என் வண்டி நிழலோடு அவளுக்கு என்ன பகை? முன்னால் பம்பர் ஓரமாகக் கூடையை வைத்துக் குந்திவிட்டாள். நான் வந்து ஏறினேன். உயரத்தில் உட்கார்ந்து பார்த்தால் கோயில் கோபுரம் வரைக்கும் தெரிகிறது, ரோடு காலியாக இருக்கிறது. எடுத்தேன். முதலில் கூடை முறிகிற சத்தம் கேட்டது, அப்புறம்தான் அவள் சத்தம்.

இறங்கி ஓடினேன். வலது காலில் இரண்டு விரல் போய்விட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "தெரியலடி கன்னியம்மா. சத்தியமா தெரியலடி." சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அந்த டீக்கடை பெஞ்சு கண் முன்னால் வந்து நின்றது. எந்த வார்த்தையை எட்டு வருடம் நெஞ்சில் வைத்துக் கருவினேனோ, அதே வார்த்தை, அதே சத்தியத்தோடு. பெரியாஸ்பத்திரி வார்டில் கட்டோடு படுத்துக்கொண்டு அவள் கேட்டாள், "இருவது வருசமா ஒன் பக்கத்துல குந்திகினு கீறேன், தெரியலியா ஒனக்கு? ஆறு மாசம் மேல ஏறி குந்துனதும் கண்ணு போச்சா?"

ஒரு மாதம் வண்டியைத் தொடவில்லை. விற்றுவிடுவது என்று முடிவு பண்ணி, அந்த மனை விற்கிறவரையே வரச் சொன்னேன். அவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கன்னியம்மா கோலை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். "இன்னா, விக்கறியா? வித்துட்டா என் வெரலு மொளைச்சிடுமா? நீயாவது எறங்கி ஓடியாந்த. இவரு எறங்குவாரா?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டாள். மனுஷன் செருப்பைத் தேடினார். "எனக்கு ஒன் காசு வாணாம். முன்னாடி சீட்டு வோணும். கீய இன்னா கீது, யார் குந்திகினு கீறாங்கன்னு நான் பாத்து சொல்றேன், நீ ஓட்டு. எனக்குத்தான் தரையில இருக்கறவங்க எங்க குந்துவாங்கன்னு தெரியும். ஒனக்கு மறந்து பூட்ச்சி." அன்றிலிருந்து முன் சீட்டு அவளுடையது. ஸ்கூல் பஸ்ஸில் இருக்கிற மாதிரி பானட் ஓரத்தில் ஒரு வட்டக் கண்ணாடி மாட்டினேன், ஆனால் அதை விட அவள் வாய்தான் எனக்குக் கண்ணாடி. "கீய ஆளு!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் என் கால் தானாக பிரேக்குக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் வண்டி எடுப்பதற்கு முன்னால் முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். மழையானாலும் சரி, அவசரமானாலும் சரி. நிச்சயதார்த்தத்தன்று நான் அப்படிச் சுற்றியதைப் பார்த்து, "உங்க அம்மா என்ன வண்டிக்கு திருஷ்டி கழிக்கிறாங்களா" என்று உன் நண்பன் கேட்டானே, நீயும் சேர்ந்து சிரித்தாயே, அதுதான் இது.

உனக்கு நான் சொல்லும் புத்தி இதுதான், இதற்கு மேல் என்னிடம் கிடையாது. நீயும் நாளைக்கு உயரமாக ஒன்று வாங்குவாய். வண்டியோ, வீடோ, ஆபீசில் பெரிய நாற்காலியோ. வாங்கு. யார் சொன்னாலும் வெட்கப்படாதே, நம் ஆட்கள் தரையில் உட்கார்ந்தது போதும். ஆனால் எடுப்பதற்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்று. கீழே யார் என்று சொல்கிற ஒரு வாயைப் பக்கத்தில் வைத்துக்கொள், அந்த வாய் உன் மனம் நோகப் பேசினாலும் பரவாயில்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் அப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நிச்சயதார்த்தத்தன்று வண்டியில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவளாகவேதான் கேட்டாள், தெரியுமா? மூக்கைப் பொத்தவில்லை. "ஆன்ட்டி, என்ன மீன் ஏத்துனீங்க கடைசியா?" என்றாள். "வஞ்சிரம்" என்றேன். "அதான்" என்றாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

இப்போது அடுத்த தெருவுக்கு வருகிறேன். நீ போனில் அதைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது உனக்கு எங்கிருந்து வந்தது என்று மூன்று நாள் யோசித்தேன். பெங்களூரையும், உன் வேலையையும், அடையாறையும் மாறி மாறித் திட்டினேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்பா போன அடுத்த வருடம், நீ ராயபுரத்தில் ஆறாவது படிக்கும்போது, வியாபாரம் முடித்து மதியம் உனக்குச் சோறு கொண்டு வருவேன். பள்ளிக்கூடத்து கேட்டுப் பக்கம் வர மாட்டேன். அடுத்த தெருவில் சைக்கிள் கடை ஓரமாகக் கூடையோடு நிற்பேன், நீ ஓடி வந்து டிபனை வாங்கிக்கொண்டு போவாய். ஒரு நாள் நீ என் புடவையைப் பிடித்து இழுத்தாய். "எம்மா, கேட்டாண்ட வாம்மா. எல்லாப் பசங்க அம்மாவும் கேட்டாண்ட வராங்க. நீயும் வாம்மா" என்றாய். உனக்கு வெட்கம் இல்லை. நான்தான், "வாணாம் நைனா, அம்மா மேல நாறும், ஒன் தோஸ்துங்க சிரிப்பாங்க" என்று சொல்லி உன் கையை விலக்கிவிட்டேன். நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாய். அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. ஏழு வருடம் அந்த சைக்கிள் கடையிலேயே நின்றேன். என்னை அடுத்த தெருவில் நிறுத்தக் கற்றுக்கொடுத்தது நான்தான். உன் மேல் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கோபம் போய்விட்டது. ஆனால் கேட்டதைக் கொடுக்க மாட்டேன். ஏசி கார் அனுப்பாதே, அனுப்பினால் அந்த டிரைவருக்கு மீன் குழம்பும் சோறும் போட்டுக் காலியாகத்தான் திருப்பி அனுப்புவேன். வண்டியை விற்க மாட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மண்டபத்துக்கு வருவோம், பன்னிரண்டு பேரும் வருவோம், பட்டுப் புடவையில் வருவோம், வாசம் வந்தால் வரட்டும். உன் மாமனார் மறுபடியும் எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி என்று கேட்டால், இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு. அவர் படித்த மனிதர், படிப்பார். புகையைப் பற்றி அப்புறமும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவையும் படித்துக் காட்டியதும் கன்னியம்மா சொன்னாள், "என் காலப் பத்தி எழுதுன சரி. செருப்பு வாங்கித் தரச் சொல்லி எழுதுனியா? கல்யாணத்துக்கு ஒயுங்கா ஒரு செருப்பு வாணாமா?" எழுதிவிட்டேன். வலது கால் அளவு சின்னது, கடையில் சொல்லி வாங்கு.

மண்டபத்து வாசல் கேட்டை இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்து வைக்கச் சொல். ஒரு பக்கம் திறந்தால் வண்டி நுழையாது. வண்டி நின்றதும் கன்னியம்மாவுக்குக் கை கொடு, படி உயரம், அவளால் தாவ முடியாது. அப்புறம் என் பக்கம் வா. அன்றைக்குப் புடவையைப் பிடித்து இழுத்தாயே, அதற்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன்.

வரேன் நைனா. கேட்டாண்டயே வரேன்.

உன் அம்மா